‘பழசு’ என்று ஒட்டிய டிஸ்க்

ஆயுத பூஜைக்குக் கம்பெனி அடைத்திருந்தது. ராஜபாளையத்தில் மருத்துவத் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. தறிகள் சந்தனமும் குங்குமமுமாகச் சும்மா நிற்க, பாண்டிசெல்வி மட்டும் செர்வர் அறையில் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தாள்.

கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் படித்துவிட்டு பில் போட வந்தவள் அவள். செர்வரை வெளியே வாடகைக்கு எடுக்கலாம் என்று முதலாளி சொன்னபோது, "சாவி நம்ம கையில இருக்கட்டும் சார், நான் பாத்துக்கிடுதேன்" என்று வாயைக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டில் சாப்பிடும்போதும் போன் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கும்.

செர்வரில் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனிப் பெட்டியில் அடைத்ததுபோல் தன் கன்டெய்னருக்குள் ஓடியது. ஒன்றை மாற்றினால் மற்றது கலையாது. ஆளில்லாத நாளில் தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிடலாம் என்றுதான் வந்தாள். வேலை பாதியில் நின்றுவிட்டது. பழைய கன்டெய்னரைத் திரும்ப ஓட்டினாள்; பாதி மாறிப்போன தரவை அதுவும் ஏற்கவில்லை. எந்தக் கட்டுத் துணி என்றைக்குக் கிருமி நீக்கப்பட்டது என்ற விவரமெல்லாம் அதற்குள் இருந்தது. நாளைக் காலையில் வாடிக்கையாளரின் ஆட்கள் அதைத்தான் பார்க்க வருகிறார்கள்.

நல்லவேளை, நேற்றே பிரதி எடுத்திருந்தாள். அந்த டிஸ்கில் டேப் ஒட்டி, பழைய பதிப்பு என்பதற்காக ‘பழசு’ என்று எழுதி, செர்வர் மேலேயே வைத்திருந்தாள். கையை நீட்டினாள். பூஜைக்கு வைத்த எலுமிச்சம்பழம்தான் அகப்பட்டது.

துப்புரவு பார்க்கும் வெள்ளத்தாய்க்குப் போன் போட்டாள்.

"பழசுன்னுதானே தாயி ஒட்டியிருந்துச்சு! கழிச்ச சாமானோட சாக்குல போட்டு, முத்துப்பாண்டி கடைக்கு நேத்தே அனுப்பிட்டேன்."

"யக்கா, என் பொழப்பே அதுலதான் இருக்கு!"

மம்சாபுரத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் இருந்த பழைய இரும்புக் கடைக்கு ஸ்கூட்டியை விரட்டினாள். வழியெல்லாம் டிஸ்கை உடைக்கும் சுத்தியல் சத்தம் அவள் காதுக்குள்ளேயே கேட்டது. முத்துப்பாண்டியோ தராசுக்கு மாலை போட்டுவிட்டு வாசலில் பொரி தின்றுகொண்டிருந்தார். சாக்கு கட்டு அவிழாமல் மூலையில் நின்றது.

"பூசை போட்டாச்சும்மா. இன்னைக்குத் தராசத் தொடமாட்டேன்."

"நிறுக்க வேண்டாம்ணே. சாக்க அவுத்தாப் போதும்."

"அவுக்கிறதும் தொழில்தானே?"

"அது உங்க தொழில். நான் அவுக்கேன்."

சிரித்தபடி சாக்கைக் காலால் தள்ளிவிட்டார். நூல் சுற்றும் உடைந்த பாபின்களுக்கும் மின்விசிறி இறக்கைக்கும் அடியில் டிஸ்க் கிடந்தது. எடுத்து மாரோடு அணைத்த பிறகுதான் உறைத்தது: எடுத்த பிரதி சரியாக இருக்கிறதா என்று அவள் ஒருதரம்கூடத் திறந்து பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் டிஸ்கை நேரே செர்வரில் செருகவில்லை. இருப்பது இது ஒன்றுதான். முதலில் அதிலிருந்ததை லேப்டாப்புக்கு நகல் எடுத்தாள். அங்கேயே பழைய பதிப்பை ஓடவிட்டு, நகலை ஏற்றினாள். திரை வெறுமையாக நின்றது. பதறி ஓடிவந்த வெள்ளத்தாய் கதவோரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொரு வரியாகக் கட்டு எண்கள் இறங்கின. கடைசி வரியில் நேற்றைய தேதி. அதன் பிறகுதான் செர்வரில் கை வைத்து, பழைய பதிப்பையும் தரவையும் அங்கே திரும்ப ஏற்றினாள். நாளை வருகிறவர்கள் வந்து போகட்டும், புதிய பதிப்பை லேப்டாப்பில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் இனி இங்கே.

"பழசுன்னு எழுதுனா எவ வச்சிருப்பா? மாமியார்னு எழுதிப் போடு. ஒருத்தியும் தொடமாட்டா" என்றாள் வெள்ளத்தாய்.

பாண்டிசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. டேப்பைக் கிழித்து, புதிதாக ஒட்டி, ‘மாமியார்’ என்றே எழுதிக் கைப்பையில் வைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேருவதற்குள் இரண்டு தரம் வண்டியை நிறுத்திப் பையைத் திறந்து பார்த்தாள். மாமியார் உள்ளேதான் இருந்தாள்.