இரண்டு மாத்திரையும் ஒரே இடத்தில்

எங்கள் ஊரில் இருமுகிறவனை யாரும் என்ன நோய் என்று கேட்க மாட்டார்கள். பீங்கான் கம்பெனியில் வேலை என்றால் தூசி இருமல், அவ்வளவுதான். ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போக வேண்டும். அப்பாவும் அப்படித்தான் வெல்லம் தின்றுகொண்டே பாதி ஆளாக இளைத்தார். அம்மாதான் திட்டித் தீர்த்து அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள். ஸ்கூல் லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

சளியில் காசநோய் இருந்தது. காசநோய் என்றால் ரத்தத்தையும் பார்ப்பார்கள். பார்த்ததில் எச்.ஐ.வி.யும் இருந்தது. இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. முடிவு சொல்லக் கூப்பிட்டபோது அம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள். சின்னப் பிள்ளைதானே என்று என்னை யாரும் விரட்டவில்லை. நர்ஸம்மா குரலைத் தாழ்த்தி, நல்ல சேதி சொல்வதைப் போலச் சொன்னார்.

"ரெண்டுக்கும் மாத்திரை இங்கயே தரோம்ண்ணே. முன்னல்லாம் இதுக்குக் கடலூருக்கு அலையணும், இப்ப வேணாம்."

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரோடு வேலை செய்கிறவர்கள். காசநோயைத் தூசி இருமல் என்று சொல்லி மறைத்துவிடலாம். மற்றதை எதைச் சொல்லி மறைப்பது?

"இருமலுக்கு இங்க வாங்கிக்கிறேம்மா. அத மட்டும் கடலூர்லயே வாங்கிக்கிறேன்" என்றார். நர்ஸம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்பா மசியவில்லை. அம்மாவிடம், பெரிய டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு மாதாமாதம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். திரும்பும்போது எனக்கு மிக்சர் பொட்டலம் வரும். எனக்கு அது திருவிழா.

ஆனால் அப்பா கடலூர் போனது முதல் தடவை மட்டும்தான். அங்கே மாத்திரை வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் நின்றிருக்கிறார். அவரும் இவரைக் கண்டு மிரண்டிருப்பார் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை. அப்படியே திரும்பிவிட்டார். பிறகெல்லாம் எதிர்த்திசையில் பெண்ணாடம் பஸ் ஏறி, வெள்ளாற்றங்கரையில் பொழுதைக் கழித்துவிட்டு வந்திருக்கிறார். நடக்கிற தூரத்தில் மருந்து இருக்க, அந்த மனுஷன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படுத்த படுக்கையான பிறகுதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்மாவையும் என்னையும் பரிசோதனைக்குக் கூட்டிவரும்படி நர்ஸம்மா சொன்னதையும் அப்போதுதான் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும், தூசி கொன்றுவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அதே சுகாதார நிலையத்துக்குப் போனாள். பெஞ்சில் அதே ஆட்கள். அம்மா குரலைத் தாழ்த்தவே இல்லை.

"எங்க வூட்டுக்காரருக்கு இருந்தது எனக்கும் இருக்குதான்னு பாருங்க. மொதல்ல பாப்பாவப் பாருங்க."

இருவருக்கும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு, அம்மாவுக்கும் இருக்கிறது, இன்றைக்கே மாத்திரை தொடங்கலாம் என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்து கதறினாள். அப்பா செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. ஒன்றும் இல்லாததற்கு எதற்கு இப்படி அழுது மானத்தை வாங்குகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.