பாரிஸ் பிளைட்டுக்கு நான் போட்ட கணக்கு

கணக்கில் நான் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள் என்பது பாகூரில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். அப்போது ஐந்தாம் வகுப்பு.

தம்பிக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். எங்கள் மாமாவோ பாரிஸில் இருந்தார். போய் ஆறு வருடமாகியும் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. இதற்காகவே லீவு போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே பிளைட் ஏறுவதாகப் போனில் சொன்னார். ஐயர் புதன், வெள்ளி என இரண்டு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கணக்குப் பரீட்சை; அன்றைக்கு வைத்தால் நான் விசேஷத்தில் இருக்க முடியாது. விடுவேனா? உடனே நோட்டை எடுத்தேன். பாரிஸ் எட்டாயிரம் கிலோமீட்டர். விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் போகும் என்று பொது அறிவுப் புத்தகத்தில் இருந்தது. ஆக, பத்து மணி நேரம். விடியற்காலை நாலு மணிக்குச் சென்னை. பெட்டி எடுக்க ஒரு மணி நேரம், வேனில் நாலு மணி நேரம். புதன்கிழமை காலை ஒன்பதுக்கு மாமா வாசலில் நிற்பார். முகூர்த்தம் ஒன்பதரையிலிருந்து பத்தரை.

அப்பாவுக்கு மட்டும் சந்தேகம். "அங்க மணி வேற, இங்க மணி வேற இல்ல? எதுக்கும் போன் பண்ணிக் கேட்டுடலாமா?"

"பத்து மணி நேரம்னா எங்க போனாலும் பத்து மணி நேரம்தாம்பா" என்றேன். அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்துவிட்டுப் புதன்கிழமை என்று முடிவு செய்தாள்.

புதன்கிழமை பத்து மணி ஆயிற்று. அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்தபடி நின்றாள். "நேரம் போவுதும்மா" என்றார் காது குத்த வந்த பத்தர்.

"வேன் வந்துனே இருக்கும். இன்னும் அஞ்சே நிமிஷம்."

அப்படி நாலைந்து முறை சொன்னாள். கடைசியில், அபிஷேகப்பாக்கத்திலிருந்து விருந்துக்கு வந்திருந்த ஒன்றுவிட்ட மாமா ஒருவரின் மடியில் வைத்துக் குத்தினார்கள். தம்பியைவிட அம்மாதான் அதிகம் அழுதாள். பிளைட் லேட் என்று நான் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன்.

பிளைட் ஒரு நிமிடம்கூட லேட் இல்லை. பாரிஸில் சாயங்காலம் ஆறு என்றால் இங்கே இரவு பத்தரை என்பதெல்லாம் எனக்கு எட்டாம் வகுப்பில்தான் தெரிந்தது.

ஒன்றரை மணிக்கு வேன் வந்தது. இன்றைக்குத்தான் காது குத்து என்று டிரைவர் சொல்லி, வழியிலேயே பட்டு வேட்டிக்கு மாறியிருந்த மாமா, செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடிவந்தார். தம்பியின் காதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"முடிஞ்சிடுச்சா? காலையிலேயே நான் வந்துடுவேன்னு யாரு சொன்னது?"

அப்பா என் பக்கம் திரும்பினார். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நான்தாண்ணா. நானே ஒரு கணக்கு போட்டு, தப்பா போட்டுட்டேன்."

மாமா தம்பியைத் தூக்கிக்கொண்டார். அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. எனக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள், நான் பாடுபட்டுப் போட்ட கணக்கைத் தன்னுடையது என்கிறாளே! மாமா ஊரில் இருந்த அந்த வாரம் முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.