உருகி உருகி ஒரு ஜெபம்

ஓசூரில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில், எதிர்வீட்டு ஸ்டெல்லாவை அருகில் வைத்துக்கொண்டே கண்ணீரோடு ஜெபித்தேன். "ஆண்டவரே, கம்பெனிக்குப் போறேன்னு சொல்லிட்டு எவனோடயோ பைக்ல சுத்துற ஸ்டெல்லாவோட மகளை மன்னியும்!" எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

அந்த வாரமே ஸ்டெல்லா தன் மகளை அடித்து, வேலையை விட வைத்து, வேப்பனப்பள்ளியில் உறவுக்காரர் வீட்டில் தள்ளிவிட்டு வந்தாள். நேரே என் வாசலில் நின்றாள்.

"பைக் ஓட்டினது உங்க ஜோயலாம். பெத்த பிள்ளைய ஹெல்மெட் மறைச்சிருச்சா, அக்கா?"

உள்ளே ஜோயல் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "சும்மா ஃபிரண்ட்ஸ்தாம்மா" என்றான். அவனை நான் அடிக்கவில்லை. மறுநாளும் டிபன் கட்டிக்கொடுத்து ஷிஃப்டுக்கு அனுப்பினேன்.

இப்போதெல்லாம் அடுத்தவர் பிள்ளையின் பெயர் நாக்கில் ஊறும்போது, அதே சத்தத்தில் என் பெயரையும் என் மகன் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன். அந்தப் பெண் இன்னும் வேப்பனப்பள்ளியில்தான் இருக்கிறாள்.