இலைக்காரர் தனசேகர்

என் பேத்தி ரூபாவின் புருஷன் தனசேகருக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. லீவு நாளில் ஆள் வீட்டில் தங்கமாட்டான். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரி, மலை என்று பறவை பார்க்கக் கிளம்பிவிடுவான். நல்லவன்தான். ஒரே ஒரு குறை, பெருமை பேசுவான். அந்தப் பெருமை பட்டப்பகலில் எங்கள் நகரி ஊர்த் தெருவிலேயே உடைந்ததைப் பார்த்தேன்.

அவனிடம் இருப்பது தூரத்துப் பறவையைக் கிட்டே காட்டுகிற பழைய டெலி லென்ஸ். சென்னையில் யாரோ வைத்திருந்து விற்றது. முழங்கை நீளம், சுரைக்காய் கனம். வாங்கின முதல் வருஷம் எடுத்த படமெல்லாம் ஒரே மாதிரி. மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும், அதன் முகம் ஈரக்கையால் துடைத்த கோலம் போலிருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற இலையோ நரம்பு நரம்பாகத் தெரியும். எனக்கு எழுத்துதான் தெரியாது, படம் தெரியும்.

"குருவிய எடுக்கப் போயி இலைய எடுத்துக்கினு வந்திருக்கியே நைனா" என்று நானே கேட்டிருக்கிறேன்.

திருப்பதியில் பறவை பார்க்கிற கோஷ்டி ஒன்று உண்டு. அவர்கள் இவனுக்கு இலைக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் சோற்றைத் தொடமாட்டான். பட்டனை அமுக்கினால் கேமரா தானாகக் குறி பிடிக்குமாம். அப்படியும் தப்பினால் தன் கைதான் ஆடுகிறது என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

திடீரென்று ஒருநாள் படம் தெளிந்துவிட்டது. பஞ்சுருட்டான் குருவியின் கண்ணுக்குள் சூரியன் புள்ளியாக மின்னியது.

"கை உக்காந்துடுச்சி ஆயா!" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனான். அன்றிலிருந்து கோஷ்டியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இவன்தான் வாத்தியார். முழங்கையை விலாவோடு ஒட்டு, மூச்சைப் பிடி, அப்புறம் அமுக்கு என்று ஒரே பாடம். இலைக்காரர் என்ற பெயரே மறந்துபோனது.

அவனுடைய உயிர்ச் சினேகிதன் சீனு. திருச்சானூரில் ஒரு லாட்ஜில் கணக்குப் பார்க்கிறவன். இருவரும் ஒருவரையொருவர், மச்சான் என்கிற மாதிரி, பாவா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இந்தத் தடவை கோஷ்டி ஒரு புகைப்படக் காட்சி வைக்க ஏற்பாடு செய்தது. நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாப் பறவை குஞ்சுக்கு இரை கொடுக்கிற படம் சீனுவின் பொறுப்பு. அந்த நேரம் பார்த்து அவன் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. அவன் வாய் திறந்து கேட்கவில்லை, இவனே தன் லென்ஸைக் கழற்றிக் கொடுத்தான்.

போன சீனு சிரித்துக்கொண்டு திரும்பி வருவான் என்று இருந்தோம். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. லென்ஸைக் கட்டில் மேல் வைத்துவிட்டுத் தன் கேமராவின் திரையை நீட்டினான்.

"சூடு பாவா. நல்லா பாரு" என்றான் பாதித் தெலுங்கில்.

நானும் எட்டிப் பார்த்தேன். ஐயோ! கூழைக்கடா வாயைப் பிளந்து நிற்கிறது, குஞ்சு தலையை உள்ளே விட்டிருக்கிறது. இரண்டும் பால் கொட்டின மாதிரி கலங்கிக் கிடந்தன. பின்னால் இருக்கிற கிளையில் மட்டும் ஒவ்வொரு இலையையும் எண்ணலாம் போல இருந்தது.

"கை ஆடியிருக்கும்டா. மூச்ச புடிச்சியா?" என்றான் தனசேகர்.

"கை ஆடினா எல்லாந்தானே ஆடணும்? இலை மட்டும் எப்படி கல்லு மாதிரி நிக்குது?"

இத்தனை வருஷம் பாடம் எடுத்த தனசேகருக்கு இது தோன்றவே இல்லை.

"நீ எடுத்தா கண்ணு தெரியுது, நான் எடுத்தா இலை தெரியுது. குடுக்கிறதுக்கு முன்ன என்னமோ திருகி வுட்டுட்ட. என் பேரு படக்காட்சில வரக்கூடாது உனக்கு. இனிமே நீ யாரோ, நான் யாரோ."

"என் புள்ள மேல சத்தியமா திருகல சீனு."

"சத்தியம் பண்ணா இலை மறைஞ்சிடுமா?"

சீனு திரும்பினான். நான் வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன்.

"தண்ணி குடிக்காம என்ன தாண்டிப் போவ முடியாது. இவன் பெருமக்காரன். வஞ்சகன் இல்ல."

"நவுரு ஆயா."

"மாட்டேன். தாண்டிக்கினு போ, பாக்கலாம்."

அப்போது உள்ளே பவர்லூம் சத்தம் நின்றது. ரூபா ஒரு கோடு போட்ட லுங்கியோடு வெளியே வந்தாள். கட்டிலைத் தெருவுக்கு இழுத்து, கால்மாட்டுக்குக் கல் முட்டுக் கொடுத்துச் சரிவாக்கி, லுங்கியை அதன்மேல் விரித்தாள். நடுக்கோட்டில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தினாள். அதுதான் குருவியாம், முன்னாலும் பின்னாலும் இருக்கிற கோடுகள்தான் இலையாம்.

தெருக் கோடியில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் தனசேகரின் கேமராவை அந்த லென்ஸோடு வைத்து எடுத்தார்கள். தீப்பெட்டிப் படம் பளிச்சென்று விழுந்தது. அதே லென்ஸைச் சீனுவின் கேமராவில் மாட்டி எடுத்தார்கள். தீப்பெட்டி கலங்கிப்போய், அதற்குப் பின்னால் இருந்த கோடுகள் தெளிவாக வந்தன. யார் கையும் கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

"மாமா, உன் கேமராவுல செட்டிங்ஸ் போ. கீழ போ. இன்னும் கீழ" என்றாள் ரூபா.

அங்கே அந்த லென்ஸின் பெயருக்கு எதிரே மைனஸ் போட்டு ஒரு நம்பர் இருந்ததாம்.

"இது யாரு போட்டது?" என்றான் தனசேகர்.

"நாந்தான்."

ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கே தெரியாது!

"இந்த லென்சு குறிக்குக் கொஞ்சம் பின்னாலதான் பாக்கும். பழசு இல்ல? இவ்ளோ முன்னால இழுன்னு கேமராவுக்கு சொல்லி வெச்சேன். தெலுங்குல ஒருத்தன் வீடியோ போட்டிருந்தான். அந்த நம்பர் கேமராவுலதான் நிக்கும். லென்ச வேற கேமராவுல மாட்டினா அந்த நம்பரு கூட வராது."

"எப்ப போட்ட?"

"நீ துன்னாம படுத்துக்கினு இருந்தியே, அந்த வருஷம். நீ டூட்டிக்குப் போனப்புறம்."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ கை உக்காந்துடுச்சின்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு வந்துட்ட."

தனசேகர் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சீனுவுக்கே பொறுக்கவில்லை. நான் நீட்டின சொம்பை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னான்.

"பாவா, வெளிய சொல்லவே வேணாம். என் கைதான் ஆடிச்சின்னு கோஷ்டில நான் சொல்லிக்கிறேன். உன் பேரு இருக்கட்டும்."

தனசேகர் ஒத்துக்கொள்வான் என்றுதான் நினைத்தேன். அவன் பெருமை எனக்குத் தெரியாதா? ஆனால் அவன் போனை எடுத்து, கோஷ்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாட்ஸ்அப்பில் பேசினான்.

"சீனு மேல தப்பில்ல. என் லென்சு குறி தப்புது, அது எனக்கே தெரியல. என் கையும் ஒண்ணும் பெரிய கை இல்ல. எல்லாம் என் வீட்டுக்காரி ரூபா போட்ட நம்பரு. நான் மூச்சு புடிக்கச் சொன்னதெல்லாம் மறந்துடுங்க."

போன் டிங் டிங்கென்று அடிக்க ஆரம்பித்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

ரூபா தீப்பெட்டியை மறுபடி நிறுத்தினாள். "உன் கேமராவுக்கு வேற நம்பரு வரும் சீனு. இரு, பாத்து வெச்சித் தரேன். குஞ்சு இன்னும் கூட்டுலதானே இருக்குது?"

"இருக்குது அக்கா."

"அப்ப இத எடுத்துக்கினு மறுபடி போ."

ரூபா நம்பர் போட்டு முடித்ததும் லென்ஸைச் சீனுவின் பையில் தனசேகரே வைத்தான். சீனு தெரு திரும்பினதும் அந்தக் கோடு போட்ட லுங்கிமேல் உட்கார்ந்தான்.

"அப்ப என் கை?" என்றான் மெதுவாக.

"கைக்கு இன்னா? கழுவிக்கினு வந்து துன்னு" என்றாள் ரூபா.