பிள்ளையின் சட்டையில் பூட்டனின் பதக்கம்

ஜெர்மனியின் ஹாம் நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டட வேலைக்குத் தோண்டிய குழியில் ஒரு குண்டு கிடைத்தது. உலகப் போரில் ஆங்கிலேய விமானம் போட்டு வெடிக்காமல் கிடந்தது. உடனே வெளியேறச் சொல்லிப் பொலிஸார் வீடு வீடாக மணியடித்தார்கள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். மகன் அப்போதுதான் தவழப் பழகியிருந்தான்.

பால்மாவை எடுத்தேனா என்று பையைத் திறந்து பார்த்தேன். மூடிவிட்டு மறுபடியும் திறந்தேன். அதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் அழைப்பு வந்தது.

"பூட்டன்ர பதக்கத்தைச் சட்டையில குத்திவிடு. பிள்ளை வெருளாது."

"ஊசி குத்திப்போடும் அம்மா."

"உனக்கும் குத்தினதுதானே. செத்தா போனனீ?"

பூட்டன், அம்மாவின் தாத்தா, பிரித்தானியப் படையில் லொறி ஓட்டியவர். எகிப்துப் பாலைவனத்தில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே எரிகிற லொறிக்குத் திரும்ப ஓடி, உள்ளே கிடந்தவர்களை இழுத்து வந்தாராம். அதற்குக் கிடைத்த பதக்கம் அது; மகன் பிறந்தபோது அம்மா அனுப்பிவைத்திருந்தார். எங்கள் வீட்டில் எந்தக் குழந்தை பயந்து வெருண்டாலும் அதை எடுத்துக் குத்துவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் குத்தினேன். குத்தாமல் விட்டு ஏதாவது நடந்துவிட்டால்?

எங்களைத் தங்கவைத்த பாடசாலை மண்டபத்தில் மேல்வீட்டு ஜெர்மன் மூதாட்டி என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். புழுக்கத்தில் மகனின் மேலங்கியைக் கழற்றியபோது பதக்கம் வெளியே தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. குண்டு போட்டவர்களின் பதக்கத்தைக் குத்திக்கொண்டு, அந்தக் குண்டுக்குப் பயந்து வந்தவர்களின் நடுவில் இருக்கிறேன். கையால் மறைத்தேன். அவர் ஏற்கெனவே மூக்குக்கண்ணாடியை மாட்டியிருந்தார்.

"இங்கிலாந்து அரசரின் தலையா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "என் பூட்டனாருடையது. போரில் லொறி ஓட்டியவர்."

"பெரிய வீரரோ?"

ஆமென்று மட்டும் சொல்லியிருக்கலாம். பயத்தில், வெளியாட்களிடம் நாங்கள் சொல்லாததையும் சொல்லிவிட்டேன். "ஊருக்குத் திரும்பிய பிறகு, கோயில் திருவிழாவில் வெடி கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாராம். சாப்பாட்டையும் அங்கேதான் வைப்பார்களாம்."

அவர் சிரிக்கவில்லை. "புது வருட வாணவெடிக்கு நான் குளியலறையில் இருப்பேன்," என்றார். "வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு."

குண்டைச் செயலிழக்கச் செய்ய முடியவில்லை, அந்த இடத்திலேயே வெடிக்க வைக்கப் போகிறார்கள் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. மகனின் காதுகளைப் பொத்தினேன். மூதாட்டி என் கைகளின் மேல் தன் கைகளை வைத்து அழுத்தினார்.

நிலம் அதிர்ந்தது. கண்ணாடிகள் கலகலத்தன. மகன் என் முகத்தைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு பதக்கத்தைப் பிடித்து ஊசியோடு வாய்க்குக் கொண்டுபோனான்.

நான் வீரிட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவன் வெருண்டு, மூச்சுத் திணறத் திணற அழுதான். மூதாட்டி பதக்கத்தைக் கழற்றித் தன் கைக்குள் பொத்திக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை அவர் அதைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா மறுபடியும் அழைத்தார். "பிள்ளை வெருண்டவனே?"

"ஓம்."

"குண்டுக்கோ?"

"இல்லை அம்மா. எனக்கு."