உப்பு லாரியில் வந்த படகு

1. சுற்றாத டிரம்

உப்பு ஏற்றி வரவேண்டிய லாரியில் ஒரு மீன்பிடிப் படகு வந்து இறங்கிய அன்று, மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் எங்கள் டேனரி முழுவதும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டது. எண்பதுகளின் தொடக்கம் அது. எங்களில் பாதிப்பேர் கடலையே பார்த்ததில்லை. படகைத் தொட்டுப் பார்க்க ஒரே தள்ளுமுள்ளு.

நான் அங்கே டிரம் வேலை பார்த்தேன். தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டுச் சுற்றவிடும் பெரிய மர உருளைதான் டிரம். பலகை சேர்ப்பது, போல்ட் முடுக்குவது, ஒழுகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அஞ்சாங்கிளாஸோடு படிப்பு நின்றுவிட்டது. புது ஆள் எதிரே வந்தால் எனக்கு வாய் வராது. எனக்கும் சேர்த்து எங்கள் மேஸ்திரி காதர் பாய் பேசிவிடுவார்.

படகுக்காரர் ஏழுமலை, மரக்காணம் பக்கம். உப்பு லாரி டிரைவர் மணியின் அக்கா புருஷன். அவர் படகின் பழைய எஞ்சின் சின்னது. முகத்துவாரத்தில் எதிர்த்து வரும் தண்ணீரைத் தள்ள அதற்குத் தெம்பில்லை. மற்றவர்கள் மீனோடு திரும்பும் நேரத்தில்தான் இவர் படகு வெளியே போகும். அதனால் அதைப்போல இரண்டு மடங்கு கனமான அவுட்போர்டு எஞ்சின் வாங்கினார். மாட்டி ஓட்டிய முதல் நாளே எஞ்சின் தொங்கும் பின்பலகை விரிந்துவிட்டது. ஊர் ஆசாரி, புதுப் படகு கட்டு என்று கைவிரித்துவிட்டார். கூட வந்திருந்த தம்பிகள் இரண்டு பேரும் கெடு வைத்துவிட்டார்கள்.

"இங்கயும் ஆவலன்னா நாங்க வேற படகுல ஏறிக்கிறோம்ணா. அப்புறம் கோவிச்சிக்காத."

தம்பிகள் போனால் ஏழுமலை தனி ஆள். தனி ஆளால் படகைத் தண்ணீரில் தள்ளவே முடியாது.

மணிதான் காதர் பாயிடம் கெஞ்சினான். "பாய், தண்ணியிலயே கெடக்கிற மரத்த உங்கள விட்டா யாரு பாப்பாங்க?"

காதர் பாய் முதலாளியைப் பார்த்தார். "மொதலாளி, இதயும் ஒரு டிரம்முனு நெனச்சிக்கங்க. சுத்தாத டிரம்மு."

முதலாளி சிரித்துவிட்டார். அது போதும் எங்களுக்கு.

2. டிரம் மாதிரியே

பழைய பின்பலகையைக் கழற்றிவிட்டு, டிரம்முக்கு வைத்திருந்த வேங்கைப் பலகையில் இரண்டு அடுக்காகப் புதிதாகச் செய்தேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண்ணெயில் ஊறிய தோல் வாஷர். காதர் பாய் இரும்புப் பட்டி அடித்தார். ஏழுமலை பக்கத்திலேயே குந்தி டீ குடித்துக்கொண்டு பார்த்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பாலாற்றில் மணல்தான் ஓடும். நல்லவேளையாக அந்த வருஷம் ஏரி நிரம்பியிருந்தது. லாரியைக் கரையில் பின்னுக்கு விட்டுப் படகை இறக்கினோம். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாய்யா, எங்க ஏரியில சுறா புடிக்கப் போறீங்களா?"

"கெடச்சா உனக்குத்தாம்மா மொதல் துண்டு!" என்றார் காதர் பாய்.

நானும் அவரும் ஏழுமலையும் ஏறினோம். எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொல்லவும் கூச்சம். ஏழுமலை கயிற்றைச் சுண்டி இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கனத்தில் படகின் பின்பக்கம் அமிழ்ந்து, மேலே இருந்த போல்ட் வரிசை தண்ணீருக்குள் போனது. அடுத்த நிமிஷம் என் காலடியில் ஈரம். எல்லா போல்ட் ஓட்டையிலும் தண்ணீர் கசிந்தது.

"பலகை ஊறட்டும், தானா நின்னுடும்" என்றார் காதர் பாய். புது டிரம் அப்படித்தான் நிற்கும். இது நிற்கவில்லை. கணுக்கால் நனைந்தது.

கரையிலிருந்து சின்னத் தம்பி கத்தினான்: "தோலு ஊறப்போடுறவங்க, ஆளையும் ஊறப்போடுறாங்கடா!"

ஏழுமலையின் முகம் சுருங்கிவிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு, குனிந்து ஒரு வாஷரைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மேஸ்திரி, உங்க டிரம்முல தண்ணி எங்க இருக்கும்?"

"இது இன்னா கேள்வி? உள்ளதான்..."

காதர் பாய் பாதியில் நிறுத்திவிட்டார். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். டிரம்மில் வாஷர் உட்பக்கம் இருக்கவேண்டும். பழக்கத்தில் இங்கேயும் உட்பக்கமே போட்டிருந்தோம். படகுக்குத் தண்ணீர் வெளியே அல்லவா!

முதலில் சிரித்தது ஏழுமலைதான். "அன்னிக்கே எனக்கு உறுத்துச்சு. பெரிய வேலைக்காரங்க, நாம இன்னா கேக்கறதுன்னு வுட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டே மூன்று பேரும் தண்ணீரை வாரி இறைத்தோம்.

3. இரண்டாவது ஓட்டம்

படகைக் கரையேற்றி, போல்ட்டுகளைக் கழற்றினேன். செருப்பின் அடிக்குப் போடும் கனமான சோல் தோலில் புது வாஷர் வெட்டி வெளிப்பக்கம் வைத்து, அதன்மேல் இரும்புப் பட்டியை வைத்து முடுக்கினேன். இந்த முறை ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஏழுமலையைக் கேட்டேன். எஞ்சினை ஒரு விரற்கடை ஏற்றி மாட்டச் சொன்னார். கடலுக்குப் போகும்போது வலையும் எண்ணெய் டின்னும் முன்பக்கம் போய்விடும், பின்பக்கம் இவ்வளவு அமிழாது என்றார். அந்தக் கனத்துக்கு ஈடாக டேனரி உப்பு மூட்டைகளை முன்னால் அடுக்கினோம்.

மறுபடி ஏரி. பின்பலகை காய்ந்தபடியே இருந்தது. உள்ளங்கையால் தடவினேன், பொட்டு ஈரம் இல்லை. ஏழுமலை எஞ்சினை முறுக்கினார். முன்பக்கம் தூக்கிக்கொண்டு படகு சீறியது. கொக்குகள் எழும்பின. துணி துவைத்த அம்மா துணியை விட்டுவிட்டுக் கைதட்டினார்.

"இது நல்ல தண்ணி. உப்புத் தண்ணி இன்னும் தூக்கிக் குடுக்கும்!" என்று ஏழுமலை கூவினார். பிறகு கைப்பிடியை என் கையில் கொடுத்துவிட்டார். நான் வாய்விட்டுக் கத்தினேனாம். காதர் பாய் அதைப் பல வருஷம் டேனரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கரைக்குத் திரும்பும்போது தம்பிகள் இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள்.

"எறங்குண்ணா, நான் ஓட்டுறேன்."

"இவன் வேற படகுல ஏறுறவன்ணா, இவனுக்குக் குடுக்காத!"

"நீயுந்தானேடா சொன்ன!"

ஏழுமலை இருவரையும் கைபிடித்து ஏற்றிக்கொண்டார்.

அடுத்த உப்பு லோடோடு மணி ஒரு கூடை மீனும் செய்தியும் கொண்டுவந்தான். படகு முகத்துவாரத்தை ஒரே மூச்சில் தாண்டியதாம். மூன்று பேரும் அதில்தான் போகிறார்களாம்.

அதற்குப் பிறகு புது டிரம் கட்டும்போதெல்லாம், அதில் தோல் போடப்போகிற ஆளை முதலில் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைப்பேன். "எப்பிடி வேணும், சொல்லுப்பா" என்று கேட்பேன். அவ்வளவு பேசுவதற்கே எனக்கு வியர்த்துவிடும். ஆனாலும் கேட்ட பிறகுதான் ஸ்பானரை எடுப்பேன். வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, நீங்களும் அப்படியே செய்யுங்கள்.