மச்சாளின் சைவ இனிப்பு

எனக்குச் சீராக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது; ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். ஆனால் மச்சாள் செய்ததில் ஒன்றும் மறக்கவில்லை.

மச்சாள் என் மனுசனின் அக்கா. சுவிஸில், பேர்ண் நகரத்தில் இருக்கிறார். சுத்த சைவம். மனுசன் காலமாகி முப்பத்தோராம் நாள், சிட்னியில், ஹோம்புஷில் எங்கள் பிளாட்டில் அந்தியேட்டிச் சாப்பாடு. அதற்கென்றே மெரிலேண்ட்ஸ் கடையில் புதுச்சட்டிகள் வாங்கி, விடிய முன்னம் எழும்பித் தனியாகச் சமைத்தேன். ஆட்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் மச்சாள் குசினிக்குள் போய், அலுமாரியைத் திறந்து, என் பழைய மீன்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“என்ர தம்பீன்ர அந்தியேட்டிக்கு மீன் காய்ச்சிற சட்டியிலயோ சமைச்சனீர்?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆட்களுக்கு முன்னால் எனக்குக் குரல் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. ஒவ்வொருவராகச் சோற்றைத் தொடாமல் எழும்பி, ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். பின்னேரம் மகன் அவ்வளவு சோற்றையும் கறியையும் கறுப்புப் பையில் கட்டிக் குப்பையில் போட்டான். மனுசனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் அதற்குள்தான் போனது.

அன்றிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்தேன்.

போன வருசம் மச்சாளின் மகளுக்குக் கலியாணம். மகனோடு பேர்ணுக்குப் போயிருந்தேன். மறுநாள் மச்சாள் என்னைப் பழைய கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். அழகுதான், பொய் சொல்லக்கூடாது. இரண்டு பக்கமும் கடைகளுக்கு முன்னால் கல் வளைவுகள். மழை பெய்தாலும் நனையாமல் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கலாம். சில இடங்களில் நிலத்தோடு சாய்ந்த மரக்கதவு. திறந்தால் படியிறங்கி நிலவறையிலும் ஒரு கடை. நடுத்தெருவில் நிறம் பூசிய சிலைகளோடு தண்ணீர்த் தொட்டிகள்.

“பாத்தீரோ? உங்கட ஹோம்புஷில என்ன கிடக்கு? ரயிலும் தோசைக்கடையும்.”

“ஓம் மச்சாள்.”

“காலைப் பாத்து வையும், வழுக்கும். எங்கட பூட்டன்ர பூட்டன் பிறக்க முன்னம் போட்ட கல்லு.”

அந்தக் கல்லை ஏதோ தன் பூட்டனே சுமந்து வந்து போட்டது போலத்தான் சொன்னார்.

வளைவுக்குள் ஒரு இனிப்புக்கடை. கண்ணாடிக்குள் சிவப்பும் பச்சையுமாய், தொட்டால் துள்ளுகிற சதுரத் துண்டுகள், மேலே சீனித்தூள். மச்சாள் பெட்டி பெட்டியாக எடுத்தார்.

“இதுதான் சாமிக்குப் படைக்கிறனான். கோயில் ஆக்களுக்கும் இதைத்தான் குடுக்கிறது. பழச்சாறும் சீனியும். சுத்த சைவம், கண்டீரோ?”

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. எங்கள் கோயிலில் இப்படித் துள்ளுகிற இனிப்பைக் கொண்டுவர வேண்டாம் என்பார்கள். மாட்டெலும்பு காய்ச்சிய பசை கலந்திருக்கும் என்று. மச்சாள் காசு கட்ட வரிசையில் நின்றபோது அங்கே நின்ற கடைப் பெட்டையிடம் போனேன். அவளுடைய இங்கிலிசும் என்னுடையதும் ஒரே அளவு. இனிப்பைத் தொட்டுக் காட்டி, “பீஃப்?” என்றேன். அவள் சிரித்து, தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்து, “யெஸ், யெஸ்” என்றாள்.

நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே கேட்பதற்கு யார் இருந்தார்கள்? வாயை மூடிக்கொண்டு பெட்டிகளைச் சுமந்து வந்தேன்.

இந்த வருசத் திவசத்துக்கு மச்சாள் சிட்னிக்கு வந்தார். அன்றைக்கு எழும்பிப் போன அதே ஆட்களும் வந்தார்கள். மச்சாள் தன் தம்பியின் படத்துக்கு முன்னால், அதே கடையிலிருந்து கொண்டுவந்த இனிப்பைத் தன் கையாலேயே படைத்தார். படத்தைப் பார்த்தேன். மனுசன் நண்டும் மீனும் ஆசையாகத் தின்றவர், கோபிக்க மாட்டார். கற்பூரம் காட்டிய பிறகு மச்சாள் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். எல்லாரும் வாயில் போட்டார்கள். நான் கைக்குள் வைத்துக்கொண்டேன். மென்று விழுங்கட்டும் என்று பொறுத்தேன்.

பிறகு எனக்குக் குரல் வந்தது.

“மச்சாள், இது மாட்டெலும்புப் பசை போட்ட இனிப்பு. உங்கட கடைப் பெட்டைதான் சொன்னவள்.”

“விசர்க் கதை கதையாதையும்!”

பக்கத்து பிளாட்டுப் பிள்ளை பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். “ஓம் அன்ரி, ஜெலட்டின் எண்டு போட்டிருக்கு.”

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“சோறு ஆறுது, இருங்கோ” என்றேன். ஒருவரும் எழும்பவில்லை. மறுசோறும் நானே போட்டேன்.

மச்சாள் அன்றைக்கே வேறு ஊரில், டண்டினொங்கில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். கதை பேர்ணுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதாம். அங்கே கோயிலில் பிரசாதத் தட்டை இப்போது அவர் கையில் கொடுப்பதில்லையாம். “மாமி பாவம் அம்மா, ஒருக்கா சொறி சொல்லி மன்னிப்புக் கேளுங்கோவன்” என்கிறான் மகன். சொல்ல மாட்டேன்.

பேர்ண் பக்கம் போகிறவர்கள் தெருவைப்பற்றி நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். அந்த இனிப்புக்கடையிலும் ஒருமுறை விசாரியுங்கள், மாடுதானா என்று. பன்றியும் சேர்ந்திருந்தால் எனக்குக் கட்டாயம் அறிவியுங்கள். மச்சாளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.